வரி இல்லை, மகமை

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. தி.நகரில் ஒரு கடைத்தெருவில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்ட எங்கள் அலுவலகம் வரைபடம் தயாரித்தது.
2. கட்டுவதற்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். கட்டிய பிறகு அதைக் கழுவ ஆள் வைப்பதற்கு ஒதுக்கவில்லை.
3. தெருவின் கடைக்காரர்களிடம், விற்பனையில் நூற்றுக்குக் கால் ரூபாய் வீதம் தர முடியுமா என்று கேட்டோம். கை தூக்கச் சொன்னார்கள். தோற்றோம்.
4. அதே கேள்வியை வேறொரு சொல்லால் மறுபடி கேட்டோம்.
5. இந்த முறை ஒருவர், தான் சம்மதிப்பது தெரியாமலே சம்மதித்துவிட்டார்.

சென்ற மாதம் நான் முன்பு வேலை பார்த்த மண்டல அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் போன் செய்தார். பழைய கோப்பில் அந்தக் கழிப்பறையின் பராமரிப்புக்கு எதிரே ‘மகமை’ என்று ஒரு சொல் இருக்கிறதாம். “மேடம், அது ஏதாவது ஸ்கீமோட பேரா?” என்று கேட்டார். போனில் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல், எழுதித் தருகிறேன் என்றேன்.

எனக்கு மயிலாப்பூரில் வீடு, கிண்டியில் படிப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாநகராட்சியில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகளில் வடிகாலின் சரிவு பார்க்கவும், கலவையை விரலால் தேய்த்துப் பார்க்கவும், சேலைக் கொசுவத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கவும் பழகினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

எங்கள் செயற்பொறியாளர் தணிகாசலம் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருக்கு ‘படும்’ என்று முடியும் வினைச்சொல் ஆகாது. எந்தக் குறிப்பைக் கொண்டுபோனாலும் பேனாவை மூடியோடு கையில் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுப் படிப்பார். ‘படும்’ வந்ததும் நிறுத்துவார். குரலை உயர்த்த மாட்டார்.

“‘கழிப்பறை நாள்தோறும் தூய்மை செய்யப்படும்.’ சரி. யாரு செய்வா?”

“துப்புரவுப் பணியாளர் சார்.”

“நம்ம கிட்ட இருக்கிற ஆளுங்க தெருவுக்கே பத்தல. இதுக்கு யாரு?”

பதில் இல்லையென்றால் காகிதம் திரும்பி வரும். பதில் இருந்தால் பேனாவின் மூடி திறக்கும். மூடி திறக்கும் அந்தச் சின்ன ‘டிக்’ சத்தத்துக்காக நாங்கள் காத்திருப்போம். வேறோர் இடத்தில் கட்டிய கழிப்பறையைத் திறந்த கொஞ்ச நாளிலேயே பூட்டிவிட்டார்கள். உள்ளே யாரோ பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ‘படும்’ மீது அவருக்கு இருந்த வெறுப்பு இரட்டிப்பாகிவிட்டது.

“யாரு கழுவுவான்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா. டயர் வைக்கறதுக்கு எதுக்கு டைல்ஸ்?” என்றார்.

அந்தக் கழிப்பறை யாருக்கு வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இடத்தை அளக்கப் போன அன்று வெயில் தாங்கவில்லை. காலியிடத்தை ஒட்டி இடப்பக்கம் ஒரு பெரிய பாத்திரக்கடை, வலப்பக்கம் ஒரு சந்து. பாத்திரக்கடையில் தண்ணீர் கேட்டேன். மேரி என்று ஒரு பெண் எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்து தந்தாள். பாலவாக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அம்மா மீன் விற்கிறவர். கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததும் அவளே சொன்னாள்.

“டாக்டரு தண்ணி நெறைய குடின்னாருக்கா. நீர்க்கடுப்பு தாங்கல, ரெண்டு வாட்டி ஜுரம் வேற. குடிச்சா எங்க போறது? மொதலாளி வூட்டு ஆளுங்களுக்கு மாடில இருக்கு. எங்களுக்கு இல்ல.”

“பக்கத்து ஹோட்டலுக்குப் போகக் கூடாதா?”

“காபி குடிச்சாத்தான் வுடுவான். காபி குடிச்சா இன்னொரு வாட்டி போவணும்.” அவள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். “இன்னொரு தபா ஜுரம் வந்தா வேலைக்குப் போவாதங்குது எங்கம்மா. மீன் கூடையத் தூக்குடின்னுது. எனக்கு இந்த வேலதான்க்கா புடிச்சிருக்கு. வெல சொல்றது, பாத்திரத்துல பேரு வெட்டிக் குடுக்கறது எல்லாம் எனக்கு நல்லா வருது.”

அந்தத் தெருவில் அவளைப் போல நூற்றுக்கணக்கான பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு தெருவுக்கு மட்டும் தனியாக வரி போட மாநகராட்சியால் முடியாது. கடைக்காரர்களே ஒப்புக்கொண்டு தந்தால் ஆள் வைக்கலாம், பினாயில் வாங்கலாம், விளக்கு எரிக்கலாம். அதனால் தணிகாசலம் சார் ஒரு குறிப்பை அவரே சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். அதற்கு ‘தெரு சேவை வரி’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். நூற்றுக்குக் கால் ரூபாய். அதை எடுத்துக்கொண்டு, தெருவின் நடுவிலிருந்த கல்யாண மண்டபத்து மாடிக்குப் போனேன். கடை திறக்கும் முன், காலையில், வியாபாரிகள் சங்கத்தின் கூட்டம்.

தலைப்பைத்தான் படித்தேன். அதற்குள் சத்தம்.

“சேல்ஸ் டாக்ஸ் கட்டுறோம், சொத்து வரி கட்டுறோம், இப்ப கக்கூஸுக்கும் வரியா?”

“உள்ள போறதுக்கு ஒரு வரி, வெளிய வர்றதுக்கு ஒரு வரி போடுங்க மேடம்!”

“அவசரமா போறவனுக்குத் தள்ளுபடி உண்டா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. ஆனால் கோபத்துக்கு உண்மையான காரணத்தை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் சொன்னார். “நூத்துக்குக் கால்னு நான் குடுத்தா, என் வியாபாரம் எவ்வளவுன்னு பள்ளிக்கூடப் பிள்ளை கூடப் பெருக்கிச் சொல்லிடும். அந்தக் காகிதம் சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸுக்குப் போகாதுன்னு நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?”

என்னால் பண்ண முடியவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் தூக்கியவர்களைச் சிரமமில்லாமல் எண்ணிவிடலாம்.

படியிறங்கும்போது சங்கத் தலைவர் பின்னால் வந்தார். மளிகைக்கடை வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி. தெற்கிலிருந்து வந்து அந்தத் தெருவில் வேர்விட்டவர். தெருவில் பாதிப் பேர் அவர் ஊர்ப்பக்கத்தவர்கள்.

“என்னம்மா நீங்க, வரின்னு எழுதிக் கொண்டாந்துட்டிய. வரின்னா கேக்குறவன் அதிகாரி, குடுக்குறவன் ஏமாளி. எவன் குடுப்பான்? மகமைன்னு சொல்லியிருக்கலாம்லா?”

எனக்கு அந்தச் சொல் தெரியாது. அவர் படியிலேயே நின்று விளக்கினார். அவர்கள் ஊரில் வியாபாரிகள் பொதுக்காரியத்துக்காக விற்பனையில் ஒரு பங்கை ஒதுக்குவார்கள். கிணறு, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் அதில் வந்தவை. யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கடையில் ஓர் உண்டியல் இருக்கும். அன்றன்று அவரவரே போடுவார்கள். உண்டியல்களைக் கொண்டுவந்து ஒரே பெட்டியில் கொட்டிவிட்டால் யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

“அப்ப குறைச்சுப் போட்டா?”

“போடட்டும். அவன் மனசுக்குத் தெரியும்லா? ஆனா ஒண்ணு. மகமைக்குக் கை தூக்குறதெல்லாம் கிடையாது. தெருவுல அத்தனை பேரும் சம்மதிக்கணும். ஒருத்தர் வேண்டாம்னாலும் கிடையாது. வெத்தலைத் தட்டு சுத்தி வரும். எடுத்தா சம்மதம். எடுக்காட்டா இல்ல. எடுத்த பொறவு பேச்சு மாறக் கூடாது.”

அலுவலகத்துக்கு வந்து சாரிடம் சொன்னேன். பெரும்பான்மையே கிடைக்காத இடத்தில் எல்லோருடைய சம்மதமும் வேண்டுமென்றால் இன்னும் கஷ்டம்தானே என்றேன். அவர் அந்தச் சொல்லை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“வரின்னா ‘வசூலிக்கப்படும்’. மகமைன்னா ‘நான் போடுறேன்’. யாருங்கறது அந்தச் சொல்லுலயே இருக்கு. நல்லாத்தான் இருக்கும்மா. இந்த வாட்டி நானும் வரேன்.”

இரண்டாவது கூட்டத்துக்கு நான் வரைபடத்தையும் எடுத்துப் போனேன். பிரதி எடுக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால் மூலப்படத்தையே, மையில் வரைந்த டிரேசிங் தாளையே, சுருட்டிக் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டேன். கடைகளின் சாவியெல்லாம் முதலாளிகளிடம் இருந்ததால், விற்பனைப் பெண்கள் மண்டபத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மேரியும் இருந்தாள். இளைத்திருந்தாள். அந்த வாரம் மறுபடி ஜுரம் வந்ததாகவும், அன்றைக்கு என்ன முடிவாகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அம்மாவுக்குப் பதில் சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

உள்ளே அண்ணாச்சி சுருக்கமாகப் பேசினார். அவர் வரி என்ற சொல்லை எடுக்கவே இல்லை. உண்டியலைச் சொன்னார், தட்டைச் சொன்னார், விதியைச் சொன்னார். அவர் ஊர்ப்பக்கத்தவர்கள் தலையாட்டினார்கள். மற்றவர்களும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்று கேட்டதும் முகம் தெளிந்தார்கள். போன முறை சத்தியம் கேட்ட ஜவுளிக்கடைக்காரர், “இதைத்தானேய்யா நான் அன்னைக்கே கேட்டேன்” என்றார். அவர் அதைக் கேட்கவில்லை. யாரும் மறுத்துச் சொல்லவும் இல்லை.

அண்ணாச்சி பேசி முடித்த பிறகுதான் பாத்திரக்கடை முதலாளி கோதண்டம் வந்தார். மேரியின் முதலாளி. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். வந்தவர் வாசலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டு சுற்றத் தொடங்கியது. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு. ஒவ்வொருவராக எடுத்தார்கள். தட்டு கோதண்டத்திடம் வந்தது. அவர் நல்ல வெற்றிலையாகப் பார்த்து எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

தட்டு அண்ணாச்சியிடம் திரும்பியது. “எல்லாரும் எடுத்தாச்சு. மகமை உண்டு” என்றார்.

கோதண்டம் எழுந்தார். வாயில் வெற்றிலை இருந்ததால் முதலில் கையைத்தான் ஆட்டினார். பிறகு, “இரு நைனா, இரு. நான் ஒத்துக்கலயே” என்றார்.

மண்டபமே வெடித்துச் சிரித்தது.

“வாயில என்னய்யா அது?”

“வெத்தல குட்த்தாங்க, போட்டுக்கினேன். இட்லி சாப்ட்டுட்டு வந்தேன், வெத்தல வந்துச்சு. இதுல இன்னா கீது?”

“அதுதான் ஓட்டு, முதலாளி!”

“ஓட்டா? வெத்தலையா? நல்லாக்கீதே உங்க ஊரு நாயம்! அப்ப சீவலு இன்னா, டெபாசிட்டா?”

அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. “எடுத்தாச்சு முதலாளி. எடுத்த பொறவு பேச்சு மாறக் கூடாதுங்கிறது விதி. மென்னும் ஆச்சு.” எல்லோரும் ஆமாம் என்றார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. கடை திறக்கும் அவசரம். எனக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. எப்படி வந்தால் என்ன, வந்துவிட்டது என்று நினைத்தேன்.

தணிகாசலம் சார் எழுந்தார்.

“இது செல்லாதுங்க. அவரு தெரியாம எடுத்திருக்காரு.”

அண்ணாச்சி திகைத்தார். “சார், உங்க காரியத்துக்குத்தான நாங்க பேசுறோம்!”

“அதனாலதான் சொல்றேன். இன்னைக்கு இவரைச் சிரிச்சு மடக்கிடலாம். நாளைக்கு உண்டியல்ல இவருக்குப் பதிலா யாரு போடுவா?”

படியிலிருந்து எட்டிப் பார்த்த பெண்களின் முகங்களைப் பார்த்தேன். என் நிம்மதி போயிருந்தது. சார்மீது எனக்குக் கோபம்கூட வந்தது.

அவர் கோதண்டத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நூத்துக்குக் கால் அதிகமா இருக்கா?”

“காசா பெருசு? அரையா எடுத்துக்கோ சார். என் கட வாசல்ல கக்கூஸு கதவு தொறக்கும்னு பொண்ணுங்க பேசிக்கினு இருந்துதுங்க. கல்யாணச் சீரு வாங்க வர்றவங்க சார் என் கஷ்டமரு. குத்துவெளக்கு பாக்கறப்ப பக்கத்துல கதவு தொறந்து தொறந்து மூடுனா, மூக்கப் புடிச்சிக்கினு அடுத்த கடைக்குப் போய்க்கினே இருப்பான். அத்த ஒருத்தரும் என்னாண்ட கேக்கல. வரியான்னு கேட்டாங்க, மகமையான்னு கேட்டாங்க. கதவு எங்கன்னு கேட்டாங்களா?”

அவர் சொன்னது சரி. கதவு அவர் கடை வாசலை ஒட்டித்தான் இருந்தது. சந்துப் பக்கம் இருட்டு என்பதால் அப்படி வரைந்திருந்தோம். தெருவைப் பார்த்த பக்கம் பெண்களுக்குப் பயமில்லை.

சார் என்னைப் பார்த்தார். நான் டிரேசிங்கை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் விரித்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்து கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. இடப்பக்கம் கதவு, வலப்பக்கம் தண்ணீர்த் தொட்டி. பிறகு தாளை அப்படியே புரட்டி, பின்பக்கம் முன்னால் வரும்படி வைத்தேன். எழுத்துகளெல்லாம் கண்ணாடியில் தெரிவது போல மாறின. கதவு வலப்பக்கம், சந்தை நோக்கிப் போயிருந்தது.

கோதண்டம் பக்கத்தில் வந்து பார்த்தார். “அவ்ளோதானா? இத்தத் திருப்பிப் போட்டா முடிஞ்சிதா?”

“எல்லாமே இடம் மாறும் சார். பாதாளச் சாக்கடையோட மூடி சந்துலதான் இருக்கு, குழாய் நீளம் குறையும். ஆனா தண்ணித் தொட்டி உங்க சுவரை ஒட்டி வரும்.”

“தண்ணிதான, வர்ட்டும்.”

“இருங்க. இன்னொருத்தரைக் கேக்கணும்” என்று படிக்குப் போனேன். அங்கிருந்த பெண்களிடம், கதவு சந்துப் பக்கம் இருந்தால் வருவீர்களா என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேரிதான் பேசினாள்.

“சந்து வாய்ல பெரிய லைட்டு வேணும்க்கா. பொழுது சாஞ்சா அங்க சீட்டாடுவானுங்க. லைட்டு போட்டா எழுந்து போய்டுவானுங்க. அப்பறம், கதவுக்கு உள்பக்கம் தாப்பா வைங்க. ஆம்பளைங்க கட்னா வெளிய மட்டும் வெச்சிட்டுப் போய்டுவாங்க.”

என் பின்னாலேயே கோதண்டம் வந்து நின்றிருந்தார். “மேரி, ஜுரம் ஜுரம்னு நீ லீவு போட்டது இதாலதானா? என்னாண்ட ஒரு வார்த்த சொல்றதுக்கின்னா?”

“இத்த எப்டிண்ணே கல்லாவாண்ட வந்து சொல்றது?” என்றாள் அவள். சில பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கோதண்டம் உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “லைட்ட என் மாடி சொவுத்துல மாட்டிக்கங்க, சந்து வாய் வரிக்கும் அடிக்கும். கரண்டு என்னுது.” ஜன்னலுக்குப் போய், கீழே யாருமில்லை என்று பார்த்துவிட்டு, வாயிலிருந்ததைத் துப்பினார். அண்ணாச்சியின் எதிரே வந்து கையை நீட்டினார். “இப்ப தெரிஞ்சே கேக்கறேன். எட்றா தட்ட.”

மூத்தவரை ‘எட்றா’ என்றதற்கு அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

அன்று மாலைக்குள் கதவு மாறிய படத்தைப் புதிதாக வரைந்து சாரின் மேசையில் வைத்தேன். கூடவே குறிப்பையும் வைத்தேன். ‘கழிப்பறையைத் தெரு வியாபாரிகள் சங்கம் வைக்கும் ஆள் நாள்தோறும் கழுவுவார். சங்கம் மகமையிலிருந்து சம்பளம் தரும்.’ அவர் வாய்விட்டுப் படித்தார். எங்கும் நிற்கவில்லை. பேனாவின் மூடி திறந்தது.

மழைக்காலத்துக்கு முன் கட்டி முடித்தோம். உள்பக்கத் தாழ்ப்பாளை நானே நின்று பொருத்த வைத்தேன். முதல் வாரத்திலேயே சந்தில் சீட்டாட்டம் நின்றது. நீண்ட நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது மேரி ஒரு கல்யாணக் கும்பலுக்குக் குத்துவிளக்கின் எடை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள். வியாபார நேரம். நானும் தொந்தரவு செய்யவில்லை.

அந்த இளம் பொறியாளருக்காக இப்போதைய நிலையை எழுதிவிடுகிறேன். மகமை பல ஆண்டுகள் ஓடியது. பிறகு நகரம் முழுவதும் கழிப்பறைகளைப் பராமரிக்க மாநகராட்சியே ஏற்பாடு செய்ததும் சங்கம் அதை நிறுத்திக்கொண்டது. தணிகாசலம் சாரும் செல்லையா அண்ணாச்சியும் இப்போது இல்லை. பாத்திரக்கடையைக் கோதண்டத்தின் மகள் நடத்துகிறார். மேரி அங்கே மேற்பார்வையாளராக இருந்து, பாலவாக்கத்தில் சொந்தமாக ஒரு சின்னப் பாத்திரக்கடை போட்டுவிட்டாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன வாரம் போய்ப் பார்த்தேன். கட்டடம் இருக்கிறது. கழிப்பறை திறந்திருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. கழுவுகிற அம்மாவின் பெயரைக் கேட்டேன். லட்சுமி என்றார்.